எண்பத்தாறு புள்ளி எட்டு

காது நன்றாக இருக்கிறது என்று கேட்டு அழுத ஆளை அந்தப் பரிசோதனைப் பெண் அதுவரை பார்த்திருக்க மாட்டாள். மேசையில் கிடந்த தாளில் வலது காதுக்கு ஒரு கோடு, இடது காதுக்கு ஒரு கோடு. இரண்டும் மேலேயே சமமாக ஓடின. "உங்க வயசுக்கு இது அதிசயம்மா. எனக்கே இவ்வளவு நல்லாக் கேக்குமான்னு தெரியல," என்று சொல்லிச் சிரித்தாள். எதிரே இருந்த அக்கா தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இன்னொரு தடவை பாருங்களேன்," என்றார். ரெண்டு தடவை பார்த்தாயிற்று என்றாள் அவள். "மெஷின் தப்பாக் காட்டாதா?" என்று அக்கா கேட்டார். காட்டாது என்று தெரிந்ததும் அழுதார். சத்தமில்லை, துடைத்துக்கொள்ளவும் இல்லை. அந்தப் பெண் பதறிப்போய், துணைக்கு வந்திருந்த மெக்கானிக்கைப் பார்த்தாள். அவன் கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அக்கா இருப்பது இரண்டாம் மாடி, அவன் குடியிருப்பது அதற்கு நேர் மேலே மூன்றாம் மாடி. உறவு ஒன்றும் கிடையாது. ஒன்பது வருடமாக ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கிய பழக்கத்தில் அக்கா, தம்பி என்று ஆகியிருந்தது. காது கொஞ்சம் மந்தம் என்று வந்துவிட்டால் அக்காவுக்கும் ஒரு நிம்மதி, தனக்கும் ஒரு நிம்மதி என்ற நப்பாசையோடுதான் அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஏனென்றால் அன்றைக்கு மணி கேட்காமல் போனதற்குக் காரணம் அக்காவின் காது இல்லை, தன் ரேடியோதான் என்பது பதினோரு நாளாக அவனுக்குத் தெரியும். தெரிந்தும், சரி வாங்கக்கா போய்ப் பார்த்துட்டு வந்துடலாம் என்று கூடவே கிளம்பி வந்தவன் அவன். வெட்கக்கேடுதான்.

அக்காவின் கணவரைக் குடியிருப்பில் எல்லோரும் மைக்காரர் என்றுதான் சொல்வார்கள். பேருந்து நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் மைக் பிடித்தவர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எத்தனை மணிக்குப் புறப்படும், எந்த வழியாகப் போகும் என்று அவர் சொன்னால் தூங்கிக்கொண்டிருப்பவனும் எழுந்து சரியான வண்டியில் ஏறுவான். ஓய்வு பெற்ற மறு வருடமே பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. நாக்கும் குழறியது. அத்தனை பெரிய குரல் படுக்கையறையிலிருந்து அடுக்களைக்குக்கூட எட்டாமல் போனது. அதற்காகத்தான் அந்தக் கம்பியில்லா மணி. தலையணைக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான், அடுக்களைச் சுவரில் மணி. இடது கட்டைவிரலால் அழுத்தினால் அக்கா வந்துவிடுவார்.

மெக்கானிக்குக் கை சும்மா இருக்காது. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பகலில் கழற்றி மாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்தும் எதையாவது கழற்றிக்கொண்டிருப்பான். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கணினிப் போர்டை வாங்கி வைத்துக்கொண்டு அதை என்னென்னவோ செய்ய வைத்துப் பார்த்தான். ஒருநாள், அதன் ஓரத்தில் நீட்டியிருக்கும் ஊசிகளில் ஒன்றில் வெறும் கம்பியைச் செருகினால் போதும், அதுவே ஒரு குட்டி வானொலி நிலையம் ஆகிவிடும் என்று எங்கோ படித்தான். செருகினான். அடுக்களையில் கிடந்த பழைய எஃப்.எம். ரேடியோவில் பாட்டு வந்தது. பெட்டி இல்லை, கோபுரம் இல்லை, ஒரு முழக் கம்பி. அன்றைக்கு அவன் நடந்த நடையைப் பார்த்து மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "கேக்கறதுக்கு ஆள் இருக்கா? இல்ல நானேதான் கேக்கணுமா?"

கேட்க ஆள் இருந்தார். கைபேசியின் வழவழப்பான கண்ணாடியில் இடதுகை விரல் வழுக்கி வழுக்கி, மைக்காரர் அதைத் தூக்கி எறிந்த கதை குடியிருப்புக்கே தெரியும். ஆனால் சின்ன ரேடியோவின் திருகை அவரால் திருப்ப முடியும். மெக்கானிக் தன் அடுக்களை ஜன்னலில் போர்டை வைத்து, கம்பியை வெளியே கீழ்நோக்கித் தொங்கவிட்டான். தினமும் நாலு மணிக்குத் தானாகவே தொடங்கி ஆறு மணிக்குத் தானாகவே நிற்கும்படி வைத்தான். இரண்டு மணி நேரமும் மைக்காரர் கேட்ட பாட்டுகள்தான். நடுநடுவே மெக்கானிக்கின் குரலில் முன்கூட்டியே பதிவு செய்த அறிவிப்பு. ஒரே ஒரு நேயர் உள்ள நிலையம். அந்த ஒரு நேயரும் லேசுப்பட்டவர் இல்லை. இடது கையால் கோணல் மாணலாகத் துண்டுச் சீட்டு எழுதி அக்காவிடம் கொடுத்து அனுப்புவார். 'வேகம் ஜாஸ்தி. பெயருக்குப் பின் மூச்சு விடு.' இன்னொரு நாள், 'நேற்று பரவாயில்லை.' அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு மெக்கானிக் அன்று முழுக்க லிஃப்டுக்குள் தனக்குத்தானே அறிவிப்புச் செய்துகொண்டிருந்தான்.

நாலு மாதம் இப்படி ஓடியது. நாலு மாதமும் ஒரு குறையும் இல்லை. பிறகு அவர்கள் பாடிக்கொண்டிருந்த அலைவரிசைக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு நிலையம் வந்து உட்கார்ந்தது. பாட்டுக்குள் பல்பொடி விளம்பரம் புகுந்தது. சீட்டு வந்தது: 'கூட்டம். வேறு மேடை பார்.' மெக்கானிக் திருகை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பார்த்தான். எல்லா இடத்திலும் யாராவது பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் கீழே, முள் போய் முட்டுகிற ஓரத்தில், எண்பத்தாறு புள்ளி எட்டில், ஒருவரும் இல்லை. யாருக்கும் தொந்தரவில்லாத மூலை என்று ஞாயிற்றுக்கிழமை இரவு அங்கே மாற்றினான். நல்ல காரியம் செய்த திருப்தியும் அவனுக்கு இருந்தது.

திங்கட்கிழமை மாலை ஐந்து மணி வாக்கில் மைக்காரர் குளியலறைக்குப் போவதற்காகத் தனியாக எழுந்து, கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து ஓடிவந்த அக்கா, "எதுக்கு எந்திரிச்சீங்க, மணி அடிக்க வேண்டியதுதானே," என்று கேட்டார். அவர் குழறிக் குழறிச் சொன்னது அக்காவுக்குப் புரிந்தது. அழுத்தினேன். ஏழு தடவை அழுத்தினேன்.

மெக்கானிக் வேலை முடிந்து வந்தபோது ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. எட்டு மணிக்கு அக்கா மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தார். "தம்பி, அந்த மணியைக் கொஞ்சம் பாரேன்," என்றார். அவன் பார்த்தான். அதுதானே அவன் தொழில். கட்டிலில் உட்கார்ந்து அழுத்தினான், அடுக்களையில் அடித்தது. பொத்தானைத் தலையணைக்கு அடியில் வைத்து அழுத்தினான், அடித்தது. பேட்டரியை அளந்தான், புதுசு மாதிரி இருந்தது. இருபது தடவை அழுத்தி இருபது தடவையும் அடித்த பிறகு, லிஃப்ட் சோதனைச் சீட்டில் கையெழுத்துப் போடும் அதே தோரணையில், "மணி நல்லாத்தான் இருக்குக்கா. அதுல ஒரு கோளாறும் இல்ல," என்றான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அக்கா அதை அப்படியே கணவரிடம் சொன்னார். அவன் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தான். "இதோ நிக்கிறான், அவனையே கேளுங்க. மணி நல்லா இருக்காம். நடந்து பாக்கணும்னு ஆசைப்பட்டு எந்திரிச்சிட்டு, மணி மேல எதுக்குப் பழி போடறீங்க?" அப்படி அவர் திருட்டுத்தனமாக எழுந்து நிற்கப் பார்த்தது முன்பு ஒரு தடவை நடந்ததுதான். அதனால் அக்கா சொன்னதிலும் நியாயம் இருந்தது. மைக்காரர் மெக்கானிக்கைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். நீ சொல்லேன் என்பதாகப் பார்த்தார். "ஆமாண்ணே, பாத்தேன். அடிக்குது," என்றான் அவன். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு வண்டியைக்கூடத் தப்பாகச் சொல்லாத மனிதர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த மணியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் திறக்கவில்லை. அக்கா சோறு ஊட்டினால் வாங்கிக்கொள்வார், முகம் துடைத்தால் காட்டுவார், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார்.

ஒரு மாதம் கழித்து அக்கா வீட்டை ஒழித்தார். மருந்துகள், சக்கர நாற்காலி, கைத்தடி என்று ஒவ்வொன்றாக யார் யாருக்கோ போயிற்று. மணியைக் கொண்டுவந்து மெக்கானிக்கிடம் கொடுத்தார். "இதை நான் பாத்துக்கிட்டு இருக்க முடியாது தம்பி. உனக்கு எதுக்காவது ஆகும்." மொட்டைமாடியில் துணி காயப்போடும் மனைவியைக் கூப்பிட ஆகும் என்று அவன் வாங்கி வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அடுக்களையில் மாட்டினான். மூன்று மணிக்கு அடித்துப் பார்த்தார்கள், கணீரென்று அடித்தது. நாலேகாலுக்கு மனைவி பொத்தானோடு மாடிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, "அழுத்து அழுத்துன்னு அழுத்தறேன், காதுல பஞ்சா?" என்றாள். அடிக்கவே இல்லையே என்றான். அவன் கண்முன்னாலேயே அழுத்திக் காட்டினாள். மணி ஊமையாக இருந்தது. "நேத்து வரைக்கும் நல்லா இருந்த சாமான். உங்க கை பட்டதும் பாருங்க," என்று சொல்லிக்கொண்டே அழுத்தியபடி நின்றாள்.

பழக்கதோஷத்தில் அவன் சுற்றிலும் பார்த்தான். ஒரு இயந்திரம் ஒரு நேரம் ஓடி ஒரு நேரம் ஓடவில்லை என்றால், இடையில் என்ன மாறியது என்று பார்க்க வேண்டும். பிழைப்பு அவனுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் அது. ஜன்னலில் போர்டின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க அவனுக்கு மனம் வந்திருக்கவில்லை. கேட்க ஆளில்லாமல், தினமும் நாலிலிருந்து ஆறு வரை, அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. அவன் கை தானாகப் போய் அதன் மின்கம்பியைப் பிடுங்கியது. மனைவியின் விரல் பொத்தானிலேயே இருந்தது. மணி அடித்தது.

அவள் சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

கணக்கு மிகச் சின்னது. அந்தப் போர்டுக்கு நாசூக்காகப் பேசத் தெரியாது. ஒரு சுவிட்சைப் பட்பட்டென்று போட்டு அணைப்பதைப் போலத்தான் அது அலையை உண்டாக்கும். அதனால் நாம் சொன்ன எண்ணில் மட்டும் போகாமல், அதன் மூன்று மடங்கிலும் ஐந்து மடங்கிலும் கொஞ்சம் கொஞ்சம் சிந்திக்கொண்டே போகும். எண்பத்தாறு புள்ளி எட்டை ஐந்தால் பெருக்கினால் நானூற்று முப்பத்து நாலு. மணியின் பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டில் அதே நானூற்று முப்பத்து நாலு. பொத்தான் கூப்பிடும் இடத்தில் போய் இவன் இரைச்சலைக் கொட்டிக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே தொங்கிய கம்பியின் நுனி அக்காவின் அடுக்களைச் சுவருக்கு ஆறடிகூட இல்லை. அந்தச் சிந்தலைப் பிடித்து நிறுத்த நடுவில் ஒரு வடிகட்டி வைத்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. ஒரு சுருள், நாலு கெப்பாசிட்டர், அரைமணி நேர வேலை. வடிகட்டி இல்லாமல் கம்பியைச் செருகாதே என்று அவன் படித்த இடத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அடுத்த வாரம் செய்துகொள்ளலாம் என்று நினைத்தான். நாலு மாதமாக அடுத்த வாரம் என்றே நினைத்தான். அன்றைக்கு எட்டு மணிக்கு மணி ஒழுங்காக அடித்ததற்கும் காரணம் இருந்தது. ஆறு மணிக்கே நிலையம் மூடிவிட்டது.

மனைவியிடம் சொன்னான். "சொல்லி என்ன ஆகப்போகுது? போனவர் வரப்போறாரா?" என்றாள் அவள். அவனும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தான். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு பதினோரு நாள் ஓட்டினான். மாடிப்படியில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டால் லிஃப்டில் ஏறினான். அக்காவோ இந்த நாட்களில் வேறு ஒரு முடிவுக்கு வந்திருந்தார். கணவர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை, அழுத்தியிருப்பார், அப்படியானால் மணி அடித்திருக்கிறது, என் காதில்தான் விழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொன்னார். பத்தாம் நாள் மாடியேறி வந்து, நாளைக்குக் காது பார்க்கப் போகிறேன், துணைக்கு வருகிறாயா தம்பி என்று அவனிடமே கேட்டார்.

திரும்பும் வழியில் பேருந்து மாற வேண்டியிருந்தது. மைக்காரரின் பேருந்து நிலையம்தான். இப்போது அங்கே ஆள் கிடையாது, பதிவு செய்த பெண்குரல் ஒன்று மேடை எண்களை ஒப்பித்துக்கொண்டே இருந்தது. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அக்கா கொஞ்ச நேரம் அதைக் கேட்டார். "இவ மூச்சே விடமாட்டேங்கறா," என்றார். பிறகு மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்றேன் தம்பி. வெளியில சொல்லிடாத. சில நாள் மணி அடிக்கும், கேக்கும், நான் போகமாட்டேன். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். அடுப்புகிட்டயே நிப்பேன். வேணும்னு இல்ல. அலுப்பு. மூணு வருஷம் தம்பி. மறுபடி அடிச்சா போய்க்கலாம்னு நிப்பேன்."

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அக்காவே தொடர்ந்தார்.

"காது செவிடுன்னு சொல்லிட்டாங்கன்னா, அன்னைக்கு நிஜமாவே கேக்கலன்னு இருந்திருப்பேன். இப்ப பாரு. நல்லாக் கேக்குதாம். அப்ப அன்னைக்கும் கேட்டிருக்கு. கேட்டுக்கிட்டே நின்னிருக்கேன். ஏழு தடவை. எனக்கே ஞாபகம் இல்லாம போற அளவுக்கு மரத்துப் போயிருக்கேன் போல."

வண்டி வந்தது. அவர்கள் ஏறினார்கள். வண்டிக்குள் மூன்று தடவை சொல்ல வாயெடுத்து மூன்று தடவையும் மென்று விழுங்கினான். ஒரு தடவை டிக்கெட் கேட்டார்கள். ஒரு தடவை பக்கத்தில் ஆள் வந்து உட்கார்ந்தார். மூன்றாவது தடவை எந்தச் சாக்கும் இல்லை, பயம்தான்.

வீட்டுக் கதவைத் திறந்து அக்கா, "தண்ணி குடிச்சிட்டுப் போ," என்றார். கூடத்தில் சாமான்கள் போன இடங்கள் தரையில் வெளுப்பாகத் தெரிந்தன. படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலை மட்டும் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. மெத்தை சுருட்டி ஒரு ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. அவன் தம்ளரை வாங்கிக் குடிக்காமல் வைத்துக்கொண்டு, "அக்கா, அன்னைக்கு மணி அடிக்கவே இல்ல," என்றான்.

அக்கா அவனைப் பார்த்தார்.

மாற்றிய அலைவரிசை, ஐந்து மடங்கு, வடிகட்டி, வெளியே தொங்கிய கம்பி என்று முன்னும் பின்னுமாக உளறினான். பாதி புரிந்திருக்காது. போர்டு ஓடும்போது தன் வீட்டில் மணி ஊமையானதையும், பிடுங்கியதும் அடித்ததையும் சொன்னான். அது புரிந்தது.

"அப்ப அவர் நிஜமாவே அழுத்தினாரா?"

"அழுத்தினாருக்கா."

"ஏழு தடவையும்?"

"ஏழு தடவையும் அழுத்தியிருப்பாருக்கா. ஒண்ணுகூட இங்க வந்து சேரல. உங்க காதுல விழறதுக்கு எதுவுமே இல்ல."

அடுத்த வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். அக்காவின் முகத்தில் அவன் என்னென்னவோ எதிர்பார்த்திருந்தான். திட்டுவார், அடிப்பார், வெளியே போ என்பார். பேருந்தில் வரும்போது அதற்கெல்லாம் மனதைத் தயார் செய்து வைத்திருந்தான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"மணி நல்லா இருக்குன்னு நீதானே சொன்ன."

"நான்தான்க்கா."

"அவருகிட்டயும் சொன்ன."

"சொன்னேன்."

"எத்தனை நாளா தெரியும்?"

"பதினோரு நாளா."

அக்கா தலையாட்டினார். கணக்கைச் சரிபார்த்துக்கொண்டது போலிருந்தது. பிறகு அவன் அங்கே நிற்பதையே மறந்துவிட்டவராகப் படுக்கையறைக்குள் போனார். கட்டிலுக்கு முன்னால் நின்றார். வெறும் பலகைதான் இருந்தது. தலைமாடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து, மூன்று வருடமும் குனிந்து பேசிய அதே உயரத்துக்குக் குனிந்தார்.

"நீங்க அழுத்தியிருக்கீங்க," என்றார். "இப்பத்தான் சொல்றான்."

கையைப் பின்னால் நீட்டி, திரும்பிப் பார்க்காமலே, கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே குரல் கேட்டுக்கொண்டிருந்தது, வார்த்தை தெரியவில்லை. கொஞ்ச நேரம் பேசும், நிற்கும், பதில் சொல்ல நாக்குக் குழறும் ஒருவருக்கு எவ்வளவு நேரம் தேவைப்படுமோ அவ்வளவு நேரம் சும்மா இருக்கும், பிறகு மறுபடி பேசும். மெக்கானிக் கூடத்தில் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தான்.